ஆறாவது தோள்

யோகம் அன்று சொதிக்கு உப்புப் போட மறந்துபோனாள். ஞானசுந்தரம் அதை ஊற்றிக் குழைத்து ஒரு கோப்பை சோறு தின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டுத் தின்றார். தான் சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

“இஞ்சேருங்கோ, உப்பில்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?”

“இல்லையோ?” என்றார் அவர்.

“வைக்கோலை அவிச்சுத் தந்தாலும் திண்டுபோட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழும்புவியள். உங்களுக்குச் சமைக்கிறதும் ஒண்டு, சுவருக்கு வெள்ளையடிக்கிறதும் ஒண்டு.”

ஜெர்மனியில் எசன் நகருக்கு வந்த புதிதில் இதே மனிதர் மீன்குழம்பில் புளி ஒரு சொட்டுக் கூடினாலும் அகதி முகாம் முழுவதும் கேட்கும்படி சத்தம் போட்டவர்தான். இந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு நாக்குச் செத்துப்போயிற்று. அவருக்கு அதில் கவலையும் இல்லை. கவலைப்படுகிற இடமும் சேர்ந்து செத்துவிட்டது என்றுதான் யோகம் நினைத்தாள். மகள் நிருஷா கலியாணம் முடித்துப் பிராங்பேர்ட்டுக்குப் போனபோது, ரயில் நிலையத்தில் எல்லாரும் அழுதார்கள். இவர் மட்டும் அவளுடைய பெட்டியின் கைபிடி ஆடுகிறதென்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வேலை, சவம் தூக்குவது. நகரத்தின் தெற்குப் பக்கத்தில் பிராவ் பேரன்ஸ் என்ற அம்மாள் தகப்பன் விட்டுப்போன, பிணங்களைப் பொறுப்பெடுத்து அடக்கம் செய்துகொடுக்கிற மலர்ச்சாலையை நடத்தினாள். அங்கே ஆறு தூக்குகாரர். கறுத்தக் கோட்டு, கறுத்தத் தொப்பி, வெள்ளைக் கையுறை. வீட்டில் செத்தால் மாடிப்படியில் இறக்குவது, ஆஸ்பத்திரியில் செத்தால் நிலவறைக்குப் போய் எடுப்பது, பிறகு பெட்டியில் வைத்து மயானத்து மண்டபத்திலிருந்து வண்டிவரைக்கும் கொண்டுபோவது. பெரும்பாலும் சக்கரம் பூட்டிய தட்டில் வைத்துத் தள்ளினால் போதும். ஆசைப்பட்டுக் கேட்கிற குடும்பங்களுக்குத்தான் தோளில் தூக்குவார்கள். அப்படித் தூக்கும்போது ஞானசுந்தரத்துக்கு எப்போதும் முன்பக்கத்து இடது மூலை. எதிர் மூலையில் போலந்துக்காரன் மாரெக். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே நடை. மாரெக்கோடு அவர் பேசிய மொத்தப் பேச்சும் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘படி’ என்பதற்குள் அடங்கிவிடும். நல்ல சிநேகிதம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்து நெஞ்சு கறுத்த கிழவர்கள், துருக்கிக்காரர், தலையில் ரோலர் சுற்றியபடியே கண்ணை மூடிய அம்மாமார் எல்லாரையும் தூக்கியிருக்கிறார். தமிழ்ச் செத்தவீடு வந்தால் மட்டும் தொப்பியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிடுவார். தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனம் ‘ஊரில எவடம்?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவரும் யோகமும் ஒரே பதிலைப் பழகி வைத்திருந்தார்கள். “கிளிநொச்சிப் பக்கம்.” கிளிநொச்சியில் எல்லா ஊராரும் குடியேறியிருந்தார்கள். அதற்கு மேல் கிண்டிப் பார்க்க ஏலாது.

உண்மையில் அவர்கள் கள்ளிவெளி.

மாசி மாதம், ஈரப்பனி பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், கள்ளிவெளி அவர்களுடைய மூன்றாம் மாடிக் கதவைத் தட்டியது. வந்தவர் ஜெயச்சந்திரன். எசன் தமிழருக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. ஸ்டேஷனுக்குப் பின்னால் தமிழ்க்கடை, கோவில் சபையில் பொருளாளர். முந்தின நாள் கடைக்கு மரக்கறி வாங்கப் போன யோகம், கடைப்பெண் சொல்லக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்: அவருடைய தகப்பன் அம்பலவாணர் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். அதைச் சொன்னபோது ஞானசுந்தரம் ‘ம்’ என்றார். அவ்வளவுதான்.

ஜெயச்சந்திரன் நான்கு நாள் தாடியும் சிவந்த கண்ணுமாகச் சோபாவின் நுனியில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. பனித்தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது.

“துக்கத்தை விசாரிக்க நாங்கள் எல்லோ வரவேணும்,” என்றாள் யோகம். “தேத்தண்ணி போடட்டே?”

“ஐயோ வேண்டாம் அக்கா. செத்தவீட்டுக்காரன். போத்தல் தண்ணி உடைக்காததா இருந்தால் காணும்.”

யோகம் குசினிக்குப் போனாள். உடைக்காத போத்தல் ஒரு பெட்டி நிறைய இருந்தது. அவள் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, தாங்கள் குடிக்கிற சில்வர் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். ஊரில் ஜெயச்சந்திரனின் ஆட்களான உடையார் வீட்டார் இவர்கள் பக்கம் தப்பித்தவறி வந்தால் சோடாப் போத்தலை மூடியோடுதான் கேட்பார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஜெயச்சந்திரன் தம்ளரைப் பார்த்துவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“சுந்தரம் அண்ணை, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. போன மார்கழியில டாக்குத்தற்றை தாயின்ரை செத்தவீட்டில அப்பா உங்களைக் கண்டவர். சக்கரக் கதிரையில இருந்துகொண்டு என்ரை கையைப் பிடிச்சு, உது ஆர் தெரியுமோ, உது கதிரன்ரை மகன், அதே நடை, அதே தோள் எண்டார். நான் நம்பேல்லை. அவர் எத்தினை வருசத்துக்குப் பிறகு சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டனான்.”

ஞானசுந்தரம் கம்பளத்து ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கடை ஆள் வந்திட்டான், இனி எனக்குப் பயமில்லையெண்டார். ஆஸ்பத்திரியில கடைசி நேரமும் அதுதான். என்னை வண்டில ஏத்தி இழுத்துக்கொண்டு போகாதை. கதிரன்ரை மகனைக் கொண்டு தூக்குவி எண்டு. அண்ணை, உங்களுக்கு விளங்கும். எங்கடை அப்பப்பா செத்த நேரம்...”

“விளங்கும்.”

“நான் பத்து வயசுப் பெடியன். றைக்டர்ப் பெட்டியில சவத்துக்குப் பக்கத்தில என்னைத்தான் இருத்திவிட்டவை. பள்ளத்தில விழுந்தெழும்பேக்கை அப்பப்பாவின்ரை தலை பலகையில அடிபடும். நான் பிடிச்சுப் பார்த்தன். பிடிக்க ஏலாமல் போச்சு. அந்தச் சத்தம் இப்பவும் கேக்குது அண்ணை.”

அவர் அழுதார். போலி அழுகை இல்லை. யோகம் வாசற்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிற மனிதனைக் கண்டால் அவளுக்கும் அழுகை வந்துவிடும். இந்தமுறை வரவில்லை.

“அதுக்கு நான் என்ன செய்யவேணும்?” என்றார் ஞானசுந்தரம்.

“உங்கடை மலர்ச்சாலை ஷெஃபினிட்டைக் கதைச்சிட்டன். தோளில தூக்கவேணும், முன்னுக்கு நீங்கள் நிக்கவேணுமெண்டு. அவ மெத்தச் சந்தோசப்பட்டா. இப்ப காலம் மாறீட்டுது, ஒருத்தரும் பெரிசும் இல்லைச் சிறிசும் இல்லை. இது சும்மா கிழவனுக்கு ஒரு மரியாதை. நீங்கள் எப்பிடியும் செய்யிற வேலைதானே?”

எப்படியும் செய்கிற வேலைதான்.

படியிறங்கும்போது திரும்பி நின்று, “வெள்ளிக்கிழமை பத்து மணி. நேரத்தோட வந்திடு சுந்தரன்,” என்றார் ஜெயச்சந்திரன். அண்ணை எந்தப் படியில் விழுந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கள்ளிவெளியில் உடையார் வீட்டுக் காணி உறுதிகளில் ஒருகாலத்தில் பனை, கிணறு, மாடு என்பவற்றோடு ஆட்களும் எழுதப்பட்டிருந்தார்கள். அந்த ஆட்களின் வழிதான் ஞானசுந்தரமும் யோகமும். அடிமைகளை வைத்திருக்கக்கூடாதென்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டு நூறு வருடம் தாண்டியும், கள்ளிவெளிக்கு அந்தச் செய்தி வந்துசேரவில்லை. உடையார் வீட்டில் பிள்ளை பிறந்தால் பெண்கள் போய் நெல்லுக் குத்தவேண்டும். பிணம் விழுந்தால் ஆண்கள் போய்த் தோள் கொடுக்கவேண்டும். முன்னுக்குத் தூக்குகிறவனுக்கு வீட்டுத் தலைவர் தன் கையால் ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போடுவார். அதை வாங்கினவன் அந்த வீட்டின் அடுத்த சாவுக்கும் கூப்பிடாமலே வந்து நிற்கவேண்டும். துண்டு கைமாறித் தலைமுறை தலைமுறையாக வந்தது. பிள்ளைகளுக்கு நீளமாகப் பெயர் வைக்கவும் ஏலாது. கதிரவேலு என்று பதியப்போன தாத்தாவிடம் ஊர் விதானையார் கதிரன் காணுமென்று எழுதிவிட்டார். அந்தக் கதிரன்தான், வீம்புக்கு மூன்று ஊர் தாண்டிப் போய், தன் மகனுக்கு ஞானசுந்தரம் என்று வாய்நிறையப் பெயர் பதிந்துவிட்டு வந்தவர்.

அறுபத்தெட்டாம் ஆண்டு அந்தச் சனம் முழுவதும் புளியடி வைரவர் சூலத்தின் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தது. உடையார் வீட்டுப் பிணம் இனி எங்கள் தோளில் ஏறாது. ஞானசுந்தரம் அப்போது மீசை அரும்பின இளந்தாரி. அவரும் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து நூர்த்தார். அடுத்த மாதம் அம்பலவாணரின் தகப்பன், பெரிய உடையார் செத்தார். பறையடிக்கிறவர் வரவில்லை. பந்தலுக்கு வெள்ளை கட்டுகிறவர் வரவில்லை. அம்பலவாணர் ஆளனுப்பிக் கதிரனைக் கூப்பிட்டு, வாசலில் நிற்கவைத்துத் துண்டை நீட்டினார். கதிரன் குனிந்தபடியே, “ஏலாது நயினார்,” என்றார். நூற்றாண்டுக்கணக்காக அந்த வாசலில் அந்தச் சொல் விழுந்ததில்லை. சவம் இரண்டு நாள் கிடந்தது. பிறகு மக்களும் மருமக்களும் மூக்கைக் கட்டிக்கொண்டு அதை உழவுயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். வேலிக்குப் பின்னால் சனம் நின்று பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

சுடலையால் திரும்பி வந்தவர்கள் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். கிணற்றுக்குள் பூச்சிமருந்து ஊற்றினார்கள். கதிரனைப் பனையோடு சேர்த்துக் கட்டி, தூக்கமாட்டன் என்கிற தோள் உனக்கு எதுக்கு என்று கேட்டு, உலக்கையால் இரண்டு தோளையும் அடித்து முறித்தார்கள். முறித்தது யார் யாரோ; உலக்கையை எடுத்துக் கொடுத்தவர் அம்பலவாணர். அதற்குப் பிறகு கதிரன் உயிரோடிருந்த காலமெல்லாம் கையை வாய்வரைக்கும் உயர்த்தவில்லை. மருமகள் யோகம்தான் சோற்றைக் குழைத்து ஊட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஞானசுந்தரம் பிராவ் பேரன்ஸிடம் போனார். அவள் பெட்டிகளின் படம் போட்ட புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாள். தூக்குகிற ஆளைப் பெயர் சொல்லி ஒரு குடும்பம் கேட்டது தன் தகப்பன் காலத்திலும் நடந்ததில்லை என்றாள்.

“இந்த வேலைக்கு என்னைப் போடவேண்டாம்,” என்றார் தனக்குத் தெரிந்த டொச் மொழியில்.

“ஏன், வருத்தமா?”

“இல்லை.”

“பிறகு?”

அவருடைய டொச் பெட்டிக்கும் படிக்கும் கதவுக்கும் போதுமானது. கள்ளிவெளிக்கு அது காணாது. “பழைய சண்டை,” என்றார்.

“ஆள் செத்துவிட்டாரே, கெர் ஞானசுந்தரம்.” அவள் கெட்டவள் இல்லை. அவருடைய பெயரை முழுதாகச் சொல்லப் பாடுபட்டுப் பழகினவள். “இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்கே வெளியில் கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறேன். குடும்பம் உங்களைத்தான் கேட்டது. நீங்களும் வராவிட்டால் நான் வேறு ஆள்தான் பார்க்கவேண்டும். நிரந்தரமாக.”

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. இதை விட்டால் எசனில் அவரை வா என்று கூப்பிட ஒரு கதவும் இல்லை. வீட்டுக்கு வந்து யோகத்திடம் சொன்னார். அவள் உறைந்த கீரைக்கட்டியைச் சட்டியில் போட்டுக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்யப்போறியள்?”

“தூக்கினால் என்ன? மரப்பெட்டி. உள்ளுக்கு யாரெண்டு தோளுக்குத் தெரியுமே?”

“தெரியாதோ?”

“இவ்வளவு காலமும் தெரியேல்லை.”

“அப்ப போய்த் தூக்கிப்போட்டு வாங்கோ. எனக்கும் வயித்தெரிச்சல் எல்லாம் வத்திப்போச்சு. அவன் அழ நான் மரம்போல நிண்டனான். எனக்கே என்னைப் பிடிக்கேல்லை.” கொஞ்ச நேரம் கீரையைக் குத்தினாள். “மாமா கேட்டால் என்ன சொல்லுவியள்?”

“செத்தவர் கேக்கமாட்டார்.”

“ஓம், அது சரி,” என்றாள் யோகம்.

வெள்ளிக்கிழமையும் ஈரப்பனிதான். மயானத்து மண்டபத்துக்குள் சனம் கோட்டும் சேலையுமாக நிறைந்திருந்தது. ஐயர் கம்பளிக் காலுறையோடு நின்று மந்திரம் சொன்னார். நெருப்பு வைக்கக்கூடாதென்று மயானக்காரர் சொல்லிவிட்டதால் குத்துவிளக்கில் மின்சாரத் திரி மினுங்கியது. சடங்குக்குச் சுண்ணம் இடிக்க ஒரு சின்ன உரலும் உலக்கையும் கொண்டுவந்திருந்தார்கள். பெண்கள் பெட்டியைச் சுற்றி வாய்க்கரிசி போட்டார்கள். அம்பலவாணர் பட்டு வேட்டியும் விபூதியுமாகப் படுத்திருந்தார். ஞானசுந்தரம் சுவரோரம் தூக்குகாரரோடு நின்று பார்த்தார். கன்னம் ஒடுங்கின ஒரு கிழவன். நெஞ்சுக்குள் ஏதாவது எழும்புகிறதா என்று காத்துப் பார்த்தார். ஒன்றும் எழும்பவில்லை. உலக்கை உரலில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியை மூடினார்கள். பிராவ் பேரன்ஸ் தலையசைத்தாள். ஆறு பேரும் போய் அவரவர் இடத்தில் நின்றார்கள். மாரெக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். முன்பக்கத்து இடது மூலையில் ஞானசுந்தரம் குனிந்தார். உண்மையாகவே தூக்கத்தான் குனிந்தார்.

“ஒரு நிமிசம்,” என்று ஜெயச்சந்திரன் முன்னுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டத்திலிருந்து மடித்த வெள்ளைத் துண்டை எடுத்தார். மற்ற ஐந்து பேரையும் தாண்டி வந்து, ஞானசுந்தரத்தின் கறுத்தக் கோட்டுத் தோளில் அதைப் போட்டு, ஓரத்தைத் தடவி நேராக்கிவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான மாமி பக்கத்தில் இருந்தவளிடம், “கதிரன்ரை பெடியன். கிழவன் குடுத்துவைச்சவர், எங்கடை ஆளே தூக்கப்போறான்,” என்று திருப்தியாகச் சொன்னாள். மண்டபத்தில் எல்லாருக்கும் அது கேட்டது.

துண்டில் புதுக்கஞ்சி மணந்தது. ஞானசுந்தரம் நிமிர்ந்தார்.

இவ்வளவு காலமும் தூக்கியது சம்பளத்துக்கு. மாலையில் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் கொழுவினால் அது முடிந்துவிடும். இந்தத் துண்டு அப்படி முடிகிறதில்லை. நாளைக்கு ஜெயச்சந்திரன் செத்தாலும் இவர் வரவேண்டும்.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மடிப்புக் கலையாமல் அதை ஜெயச்சந்திரனின் தோளில் போட்டார்.

“உங்கடை அப்பா. நீங்கள் தூக்குங்கோ.”

“என்ன கதை இது? சனம் பாக்குது. நல்ல நேரம் போகுது, தூக்கு.”

“ஏலாது,” என்றார் ஞானசுந்தரம்.

அதற்குப் பின்னால் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தகப்பனுக்கு அன்றைக்கு நயினார் என்று சேர்க்கவேண்டியிருந்தது.

கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, முன்வரிசைக்கு நடந்துபோய், மாமிக்குப் பக்கத்தில் ஜெயச்சந்திரன் இருந்து எழும்பின கதிரையில் இருந்தார். மாமி சேலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பினாள். அவர் எழும்பவில்லை. காலை நீட்டிக்கூட இருக்கவில்லை, சும்மா இருந்தார்.

பிராவ் பேரன்ஸ் ஓடிவந்து சக்கரத்தட்டைக் கொண்டுவரவா என்று மெதுவாகக் கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜெயச்சந்திரனின் முகம் வெளிறியது. வேண்டாம், வண்டி வேண்டாம் என்றார். துண்டு தோளில் கிடக்க, வெறுமையாய்க் கிடந்த மூலைக்குப் போய்க் குனிந்தார். மாரெக் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருதரம் ஞானசுந்தரத்தைப் பார்த்தான், பிறகு “தூக்கு” என்றான். பெட்டி ஒருபக்கம் சாய்ந்து, ஆடி, எழும்பியது. தகப்பனின் பாரத்தில் மகனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. விம்மிக்கொண்டே நடந்தார். ஆனால் நடந்தார். சனம் பின்னால் போயிற்று. மண்டபத்தில் மின்சாரத் திரியும் உரலும் ஞானசுந்தரமும் மிஞ்சினார்கள்.

வாசலில் பிராவ் பேரன்ஸ் காத்துக்கொண்டு நின்றாள். “திங்கட்கிழமை வரவேண்டாம். கோட்டை அனுப்பிவிடுங்கள்.” அவர் கோட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். தொப்பியையும் கையுறையையும் கொடுத்தார். வெறும் சேட்டோடு ட்ராமுக்கு நடந்தார். பனி தோளில் விழுந்து நனைத்தது. குளிர்ந்ததா என்று பிறகு யோகம் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குள் வந்தார். யோகம் துவாயைக் கொண்டுவந்து தலையைத் துடைத்தாள்.

“கோட்டெங்கை?”

“குடுத்திட்டன்.”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். “அப்ப தூக்கேல்லையோ?”

“இல்லை.”

“ஆர் தூக்கினது?”

“மகன்.”

யோகம் துவாயைக் கதிரையில் விரித்துப் போட்டாள். இனி வாடகைக்கு என்ன செய்வது என்று கேட்கவில்லை. குசினிக்குள் போய்ச் சோறும் கீரையும் சொதியும் ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோற்றைக் குழைத்து ஒரு பிடி பிடித்தாள்.

“எனக்குக் கை ஏலும்,” என்றார்.

“தெரியும். வாயைத் திறவுங்கோ.”

வாயைத் திறந்தார். அவள் தன் மாமனுக்கு ஊட்டிய அதே மாதிரி, பெருவிரலால் தள்ளி ஊட்டினாள். அவர் மென்றார். மெல்ல மெல்ல அவருடைய முகம் கோணியது. விழுங்குவதற்குக் கஷ்டப்பட்டார். கண்ணில் நீர் நின்றது.

“யோகம்.”

“என்ன?”

“சொதிக்கு உப்புக் காணாது.”

அவள் கையில் அடுத்த பிடியோடு அப்படியே இருந்தாள். பிறகு உப்புப் போத்தலை எடுக்க எழும்பினாள்.